கைலாயமாலையும் குடிவழி ஆராய்ச்சியும்

யாழ்ப்பாணத்துத் தம் முன்னோர் வரலாற்றை எழுதப் புகுவார் பலர் முதலிற் கையிலெடுப்பது முத்துராச கவிராயரின் கைலாயமாலை. திருநெல்வேலியிற் பாண்டிமழவன், மயிலிட்டியில் நரசிங்கதேவன், நெடுந்தீவிலே தனிநாயகன் என ஊர்தோறும் ஒரு தலைவனை அரசன் குடியிருத்தினான் என்பது அந்நூற் செய்தி. ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோட்கிணங்க மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையும் இதனையே பெரிதுந் தழுவிற்று. இத்தலைவருள் ஒருவரைத் தம் குடிமுதல்வராகக் கொண்டு, அவருக்குக் கீழே தம் பாட்டனார் பெயரை எழுதிவிடுவார் உளர். இடையிலே கழிந்த பல நூற்றாண்டுகளுக்குச் சான்று யாது?

நூலின் நோக்கத்தை முதலில் நோக்குக. கலிவெண்பாவாலாகிய இது நல்லூர்க் கைலாயநாதர் கோயிலையும் அதனையெடுத்த அரசனையும் சிறப்பிக்க எழுந்தது. குடியேற்றம் அரசன் பெருமைக்கு அங்கமாகவே வருகின்றது. தலைவரின் குலமும் பிறந்த ஊரும் பாடிய புலவர், அவர்தம் பின்னோரைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து கூறினாரல்லர். அது அவர் கடனுமன்று. வைபவமாலையின் காலக்கணிப்பிலுள்ள இடர்ப்பாடுகளைச் சுவாமி ஞானப்பிரகாசர் தம் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில் 1928ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆயினும் திருமண வீடுகளிலே பழங்கதையே வென்றுவருகின்றது!

பெயர்வழியே மேலேறுதலும் எளிதன்று. நம்மவர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே முன்னிற்கும். பாட்டன் பெயரைப் பேரன் சூடுதலால், பத்திரமொன்றிற் காணும் கந்தர் எந்தக் கந்தர் என்பது மயக்கத்துக்கிடமாகும்.

இம்மயக்கத்தைத் தீர்ப்பது காணி. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளும், பின்னர் நொத்தாரிசுமார் எழுதிய உறுதிகளும் புலவர் பாடாதவற்றைச் சொல்லும். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து மூவகைப்படும். பழைய வழக்கிலே தாயின் சீதனம் பெண்மக்களைச் சேர்ந்தது. ஆகவே ஒரு வளவின் சீதன உறுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துச் செல்வார்க்கு மகள், தாய், பாட்டி, பூட்டி என்னும் வரிசை வெளிப்படும். எல்லை கூறுமிடத்து, கிழக்கே இன்னார் மனைவி இன்னாள் காணி என்றிருப்பின், பெரும்பாலும் அவள் உடன்பிறந்தாளாகவோ ஒன்றுவிட்ட சகோதரியாகவோ இருத்தல் கூடும். ஆண் பெயர்களை மட்டும் அடுக்கிய குடிவழிப் படங்களிலே இப்பெண்கள் இடம்பெறாமை பெருங்குறையே. காணியில்லாத உழைப்பாளர் குடிகளுக்கு இவ்வழியும் உதவாது; அவர்தம் வரலாற்றுக்கு வாய்மொழியே பெரிதும் துணையாகும்.

1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது பெட்டகங்களிலிருந்த உறுதிகள் பல மறைந்தன. அதனால், முதியோர் வாய்மொழியைத் தள்ளிவிடுதலாகாது. ஆயின் அதனைத் தரம்பிரித்தல் வேண்டும். ‘நாங்கள் பாண்டிமழவன் வழி’ என்பது ஒரு கூற்று; ‘கிணற்றடி வளவு என் பேத்தியாரின் சீதனம், அவர் தமக்கைக்கு வடக்குத் துண்டு’ என்பது மற்றொன்று. பின்னதைச் சொல்பவரிடம் காணிப்பெயரையும் கேட்டெழுதிக்கொண்டு பதிவகத்துக்குச் சென்றால், பிரதி கிடைப்பினுங் கிடைக்கும்.