எடை எங்கே போனது? சப்பைமூக்கு ரிவால்வரும் ‘லேடீஸுக்கு ஏற்றது’ என்ற வாதமும்

ஹூஸ்டனில் இருக்கும் என் கல்லூரி நண்பன் ஒரு நாள் இரவு கூப்பிட்டான். “மச்சான், உன் தங்கச்சிக்கு ஒரு ரிவால்வர் வாங்கணும். கடையில ஒண்ணு காட்டினான். 330 கிராம்தான். நீதான் எதையும் எக்ஸெல்ல போட்டுப் பார்ப்பியே, பார்த்துச் சொல்லு.” தங்கச்சி என்றது அவன் மனைவியை. ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட். பார்க்கிங்கில் ஒரு மாதத்தில் இரண்டு வழிப்பறி நடந்திருக்கிறது. இருவரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள், டெக்சாஸ் சட்டப்படி வாங்குவதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் துப்பாக்கி அனுபவம் என்சிசி-யில் .22 ரைஃபிளில் சில ரவுண்டு சுட்டதோடு சரி. கீழே வருவது படித்ததும் கணக்குப் போட்டதும்தான். அவன் சொன்னதில் என்னை உறுத்தியது கடைக்காரர் சொன்ன ஒரு வரி: “லேடீஸுக்கு இதுதான் பெஸ்ட், ஹேண்ட்பேக்ல இருக்கறதே தெரியாது.” இருப்பதே தெரியாது, சரி. சுடும்போது தெரியுமா தெரியாதா?

அந்த 330 கிராம் சமாச்சாரம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 340பிடி. ஸ்கேண்டியம் கலந்த அலுமினியச் சட்டகம், டைட்டானியம் சிலிண்டர், ஐந்து தோட்டா, இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குழல். .357 மேக்னம் தோட்டா போடலாம், அதைவிடச் சாதுவான .38 ஸ்பெஷலும் போடலாம். இதற்கு ஸ்னப்-நோஸ் என்று பெயர். நம் பாஷையில் சப்பைமூக்கு.

சப்பைமூக்கின் கதை எடையைக் குறைத்துக்கொண்டே வந்த கதை. 1927-ல் கோல்ட் கம்பெனி டிடெக்டிவ் ஸ்பெஷலைக் கொண்டுவந்தது. எஃகு, ஆறு தோட்டா, சுமார் 600 கிராம். 1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு தோட்டாவைக் குறைத்து, உருவத்தைச் சுருக்கி, சீஃப்ஸ் ஸ்பெஷல் என்று விட்டது. அந்தப் பெயரை ஒரு போலீஸ் அதிகாரிகள் மாநாட்டில் ஓட்டெடுத்து வைத்தார்கள். அது 550 கிராம் அளவு. அதே 1950-ல் கோல்ட், சட்டகத்தை அலுமினியமாக்கி கோப்ரா என்று இறக்கியது. 1963-ல் டல்லஸ் போலீஸ் கட்டடத்தின் அடித்தளத்தில் ஜாக் ரூபி ஆஸ்வால்டைச் சுட்டது ஒரு கோப்ராவால்தான். ஒரே குண்டு, தொடும் தூரம். இந்த வகைத் துப்பாக்கி எந்த வேலைக்கு லாயக்கு என்பதற்கு அந்தப் புகைப்படத்தைவிட நல்ல விளக்கம் கிடையாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் அமெரிக்க விமானப்படையுடையது. 1950-களின் தொடக்கத்தில், விமானிகளுக்கு ஒவ்வொரு கிராமும் பாரம் என்று சிலிண்டரையும் சேர்த்து அலுமினியத்திலேயே செய்யச் சொன்னார்கள். ஏர்க்ரூமேன் என்று பெயர். சிலிண்டர்தான் வெடிப்பின் அழுத்தம் முழுவதையும் தாங்குகிற பாகம். அலுமினியம் தாங்கவில்லை, விரிசல் விட்டது. உடனே துப்பாக்கியை மாற்றவில்லை, தோட்டாவின் சக்தியைக் குறைத்தார்கள். கோடில் பக் இருந்தால் ரிக்வயர்மெண்ட்டைத் திருத்துவது போல! கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள். தப்பிய சிலதுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் ஏக கிராக்கி.

உலோகப் பிரச்சினையை டைட்டானியம் தீர்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கைப்பிரச்சினை அப்படியே இருக்கிறது. குண்டு முன்னால் போகும் அதே உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வரும், இது பிளஸ் டூ பாடம். உந்தம் மாறாது. ஆனால் அந்த உந்தத்தை வாங்கும் பொருளின் எடை பாதியானால், அது கையில் கொண்டுவந்து இறக்கும் ஆற்றல் இரண்டு மடங்காகும். பத்து கிராமுக்குக் கொஞ்சம் மேலே எடையுள்ள .38 ஸ்பெஷல் குண்டு, சப்பைக் குழலில் நொடிக்கு 230 மீட்டர் வேகம், எரிந்த மருந்தின் வாயுவுக்கும் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். தோட்டா நிரப்பிய பழைய எஃகு சீஃப்ஸ் ஸ்பெஷலில் பின்னுதைப்பு 6 ஜூலுக்குச் சற்றுக் கீழே. 415 கிராம் அலுமினிய 642 மாடலில் 7.5. நண்பன் பார்த்த 340பிடி-யில் 9. அதே 340பிடி-யில் .357 மேக்னம் போட்டால் 23! பத்து சதவீதம் இப்படி அப்படிப் போகலாம், ஆனால் மடங்குகள் மாறாது. 23 ஜூல் என்பது இரண்டேகால் கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றல். அது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சவ்வில் வந்து விழுகிறது, ஐந்து முறை.

ஆக, இடுப்பிலிருந்து கழற்றிய எடை எங்கும் போய்விடவில்லை. மணிக்கட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. நாள் முழுக்கச் சுமப்பவருக்குச் சுகம், சுடவேண்டிய அந்த இரண்டு நொடியில் வட்டியோடு கட்ட வேண்டும். பயிற்சிக்குப் போனாலும் இதே கதைதான். வலிக்கிற துப்பாக்கியை யாரும் மாதம் ஐம்பது ரவுண்டு சுட்டுப் பழகமாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘ரிவால்வர் சிக்காது’ என்பதுதான் அதன் பெரிய விற்பனை வாசகம். மிக இலகுவான ரிவால்வரில் பலமான தோட்டா சுடும்போது, துப்பாக்கி வெடுக்கென்று பின்னால் வரும். சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் கூடும் அதோடு பின்னால் வரும். உள்ளே இருக்கும் குண்டு மட்டும் நிலைமத்தால் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கும். பிடிப்பு போதவில்லை என்றால் குண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, சிலிண்டரின் முன்பக்கம் நீட்டிக்கொண்டு, சுழலவிடாமல் பூட்டிவிடும். சிக்காத துப்பாக்கியை எடையைக் குறைத்தே சிக்கவைத்துவிடலாம்!

பின்னுதைப்பாவது சுட்ட பிறகு வருவது. சுடுவதற்கு முன்னால் வரும் பிரச்சினை ட்ரிகர். இந்த வகையில் ஹேமர் உள்ளே ஒளிந்திருக்கும் மாடல்களில் ஒவ்வொரு முறையும் விரலால் முழு நீளம் இழுத்தாக வேண்டும். இழுவை ஐந்து கிலோவுக்கு மேல். 330 கிராம் பொருளை ஒரு கையில் ஆடாமல் பிடித்துக்கொண்டு, அதன் எடையைப் போல் பதினாறு மடங்கு விசையை ஒற்றை விரலால் கொடுக்க வேண்டும். ஆடாமல் இருக்குமா? முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ஒன்பது சென்டிமீட்டர் அளவுதான். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் ஏழு மீட்டர் தூரத்தில் குண்டு கிட்டத்தட்ட எட்டு சென்டிமீட்டர் தள்ளிப் போகும். பயத்தில், இருட்டில், ஒரு மில்லிமீட்டரோடு நிற்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் ஆகாதா என்றால், ஹேமர் போதுமான பலத்தோடு அடிக்காவிட்டால் தோட்டா வெடிக்காது. ரூகர் கம்பெனி 2009-ல் எல்சிஆர் மாடலில் உள்ளே இருக்கும் கேமின் வடிவத்தை மாற்றி இழுவையைச் சீராக்கியது. சட்டகத்தின் ஒரு பகுதியையே பிளாஸ்டிக் ஆக்கினார்கள். இஞ்சினியராக நான் மதிப்பது அந்த வேலையை. எடையைக் குறைத்தவர்கள் நிறையப் பேர், விரலைப் பற்றி யோசித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மறுபக்க வாதத்தையும் சொல்ல வேண்டும், அது அற்பமானது அல்ல. கனமான துப்பாக்கி பத்தே நாளில் அலமாரிக்குப் போய்விடும், கூட இருக்கும் சின்னது கூட இல்லாத பெரியதைவிட மேல் என்பார்கள். உண்மை. பிஸ்டலின் ஸ்லைடை இழுக்க முடியாத, மூட்டு வலி உள்ள கைகளுக்கு ரிவால்வர்தான் வழி என்பதும் பாதி உண்மை. பாதி என்று சொல்லக் காரணம், ஸ்லைடை இழுக்கப் பலமில்லாத கையிடம்தான் ஐந்து கிலோ ட்ரிகரைக் கொடுக்கிறோம். ஸ்லைடை இழுக்கவாவது மொத்தக் கையும் தோளும் உதவும். ட்ரிகருக்கு ஒரே ஒரு விரல்.

அந்த ஐந்து கிலோதான் இதில் இருக்கும் ஒரே பாதுகாப்புப் பூட்டு என்பதையும் மறக்கக் கூடாது. 2014 டிசம்பர் கடைசியில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், தாயின் கைப்பையில் இருந்த பிஸ்டலை இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டதில் தாய் இறந்துபோனார். துப்பாக்கி வைக்கவென்றே தனி அறை தைத்த கைப்பை அது. என் நண்பன் வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான். ‘ஹேண்ட்பேக்ல இருக்கறதே தெரியாது’ என்ற வாசகத்தை இந்தப் பின்னணியில் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இருப்பது தெரிந்தே ஆக வேண்டிய பொருள் இது.

பெண்களுக்கென்று ரிவால்வர் விற்பது புதிதல்ல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லேடிஸ்மித் என்ற பெயரில் ஒரு சின்ன .22 ரிவால்வர் விற்றது. 1980-களின் இறுதியில் அதே பெயரைத் தூசிதட்டி மீண்டும் எடுத்தது. நம் நாட்டிலும் நடந்தது. 2012 டிசம்பர் டெல்லி கொடூரத்துக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை நிர்பீக் என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. அந்தப் பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த நிர்பயா என்ற பெயரின் அர்த்தமேதான் இதற்கும், பயமில்லாதவர். .32 தோட்டா ஆறு, டைட்டானியம் கலப்பு உலோகம், 500 கிராம், விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். நகைப்பெட்டி மாதிரி ஒரு மெரூன் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

எனக்கு அந்தப் பெட்டி மேல்தான் முதல் கோபம். அடுத்தது விலை. அன்றைய இந்தியரின் சராசரி ஆண்டு வருமானத்தைவிட அதிகம். இரவில் பேருந்துக்குக் காத்திருந்து ஏறிய பெண்ணின் நினைவாக, பேருந்தில் போகிறவர்கள் வாங்கவே முடியாத ஒரு பொருள். அதற்கும் மேலே லைசென்ஸ் வேறு, அது எல்லோருக்கும் கிடைத்துவிடுகிற காகிதமா என்ன?

ஆனால் கணக்குப் போட்டபோது ஒரு ஆச்சரியம். துப்பாக்கியாக மட்டும் பார்த்தால் நிர்பீக் அவ்வளவு முட்டாள்தனமான சேர்க்கை இல்லை. .32 தோட்டாவின் பின்னுதைப்பு அந்த 500 கிராமில் 2 ஜூல் அளவுதான், 340பிடி-யில் .38 போட்டால் வருவதில் கால்பங்குக்கும் கீழே. குண்டின் ஆற்றலும் .38-ல் பாதிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஆறில் மூன்று இலக்கில் படுவது, ஐந்தில் ஒன்று பட்டு மற்றது சுவரில் போவதைவிட மேல். கான்பூர்க்காரர்கள் இதை யோசித்துச் செய்ததாக நான் நம்பவில்லை. சாமானியர்களுக்கு இங்கே சட்டம் விட்டுவைத்த அளவுகளில் .32 ஒன்று, அதனால் அது. விளம்பரத்தில் ‘எடை குறைவு’ என்று பெருமைப்பட்டார்கள். அதன் நல்ல குணமோ, தோட்டாவின் பலத்துக்கு அது போதுமான கனமாக இருந்ததுதான்.

இதே இடத்துக்கு அமெரிக்கர்கள் 2024-ல் வந்து சேர்ந்தார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், அல்டிமேட் கேரி என்ற வரிசையில் பழைய .32 ஹெச்&ஆர் மேக்னம் தோட்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஐந்துக்குப் பதில் ஆறு தோட்டா, நன்றாகத் தெரியும் குறிகள், எடை அரை கிலோவுக்குள். என் கணக்கில் பின்னுதைப்பு 3.5 ஜூல் பக்கம். நம்மூர் நிர்பீக்கில் போடும் நீள .32 தோட்டாவும் அதில் வேலை செய்யும், பழகுவதற்கு.

இதையெல்லாம் நண்பனுக்கு எழுதி அனுப்பி, இரண்டு வேலை செய்யச் சொன்னேன். ஒன்று, வாங்குவதற்கு முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துத் தங்கச்சியே சுட்டுப் பார்க்க வேண்டும், அவன் அல்ல. இரண்டு, ஊருக்கு வரும்போது 23 கிலோ பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்போமே, அந்தக் கைத்தராசைக் கடைக்கு எடுத்துப் போய், காலித் துப்பாக்கியின் ட்ரிகரில் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சிரித்தாராம், ஆனால் சிலிண்டரைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு அனுமதித்தார். 5.3 கிலோ.

ரேஞ்சில் தங்கச்சி 340பிடி-யில் .38 மூன்று சுட்டுவிட்டு மேஜையில் வைத்துவிட்டார். பழைய எஃகு மாடலில் ஐந்தும் சுட்டார். பிறகு 642-ல், நான் சொன்னபடி, இலக்குப் போட்டிக்குச் செய்யும் தட்டைமுனை மெதுத் தோட்டா போட்டு ஐந்து. இதில் உதைப்பு 4.6 ஜூல், எஃகில் சாதாரணத் தோட்டா போடுவதைவிடக் குறைவு. ஐந்தில் நாலு காகிதத் தட்டில் பட்டிருக்கிறது. எடை குறைந்த துப்பாக்கிதான் வேண்டும் என்றால், சக்தி குறைந்த தோட்டாவையும் சேர்த்து வாங்க வேண்டும். கடையில் இதை யாரும் சொல்லவில்லை.

அதன்பின் தங்கச்சி என்னிடமே பேசினார். “அண்ணா, ஒண்ணு கேக்கறேன். ஆஸ்பத்திரிக்குள்ள இதைக் கொண்டுபோக விடமாட்டாங்க. கார்லயே வெச்சுட்டுத்தான் இறங்கணும். வழிப்பறி நடந்தது காருக்கும் கதவுக்கும் நடுவுலதானே?”

என் எக்ஸெல்லில் அதற்கு ஒரு காலம் இல்லை. இப்போதைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் செக்யூரிட்டி ஆளைக் கூப்பிட்டுக் கார்வரை வரச் சொல்கிறார். பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறார், அது முடிந்த பிறகு 642-ஆ .32-ஆ, இல்லை எதுவுமே வேண்டாமா என்று அவரே முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். நண்பனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். 340பிடி-க்கு அந்த வாரம் டிஸ்கவுண்ட் இருந்ததாம்.