கைப்பிடி அரிசியும் ஜெபப் புத்தகமும்: திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சிற்றூர்ச் சபைகளை வாசிக்கும் முறை குறித்து

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலிச் சீமையின் ஆங்கிலிக்கன் சிற்றூர்ச் சபைகளைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அவற்றின் வழிபாட்டை மேலைத் திணிப்பாகவோ உள்ளூர் மரபின் எச்சமாகவோ காண்கின்றன. இரு பார்வைகளும் காணிக்கை என்னும் நடைமுறையை ஓரத்தில் நிறுத்திவிடுகின்றன. சபை என்னும் அமைப்பு ஊருக்குள் உருப்பெற்றது அந்நடைமுறையின் வழியே என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: சேகரம், அறுப்பின் பண்டிகை, அசனம், கைப்பிடி அரிசி, பொது ஜெபப் புத்தகம், இடையன்குடி, கொல்லிமலை

முன்னுரை

கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்று திண்ணனூர் நாடு. அங்குக் கள ஆய்வுக்குச் சென்றபோது, திருநெல்வேலிச் சபைகளைப் பற்றிய நூல்களிலிருந்து தொகுத்த வினாநிரல் ஒன்றை எடுத்துச் சென்றிருந்தேன். ‘சேகரம்’, ‘ஆராதனை முறைமை’, ‘பண்டிகை ஒழுங்கு’ எனத் தலைப்புகள் அதில் வரிசையாக இருந்தன. மலையில் அவை பொருந்தவில்லை. காரணம் எளிது. கொல்லிமலைக்குக் கிறித்தவத்தைக் கொண்டு வந்த ஜெஸி பிராண்ட், எவலின் பிராண்ட் இணையர் ஸ்டிரிக்ட் பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்தவர்கள். அம்மரபில் பேராயர் இல்லை. அச்சிட்ட ஜெபப் புத்தகம் இல்லை. நிலப்பரப்பை வகுத்துக் குருவை அமர்த்தும் பாரிஷ் முறையும் இல்லை. 1913-இல் மணமுடித்து மலையேறிய அவ்விணையர் மருத்துவம், கல்வி, வேளாண்மை ஆகியவற்றின் வழியே மக்களை நெருங்கினர். 1929-இல் ஜெஸி பிராண்ட் காய்ச்சலால் இறந்தார். அவருடைய மகன் பால் பிராண்ட் தொழுநோய் அறுவை மருத்துவத்தில் பெயர் பெற்றதால், அக்குடும்பத்தின் வாழ்க்கை வரலாறு உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

ஆங்கிலிக்கன் சிற்றூருக்கென வகுத்த வினாக்களைப் பாப்திஸ்து மலையில் கேட்டது என் பிழை. ஆயினும் அப்பிழை ஒரு பயன் தந்தது. வினாக்கள் அங்கே பொருந்தாமற்போனதால், அவை பிறந்த இடத்திலேனும் பொருந்துகின்றனவா என்று பார்க்கத் தோன்றியது. ஆகவே இக்கட்டுரை மலையை விட்டிறங்கித் தேரிக்காட்டுக்குச் செல்கிறது.

இரு வாசிப்புகள்

திருநெல்வேலிச் சபைகளின் வரலாறு ஆய்வாளர்க்குப் பழக்கமானதே. 1799-இல் முதலூர் தோன்றியது. 1820 முதல் பாளையங்கோட்டையைத் தளமாகக் கொண்டு ரேனியஸ் சி.எம்.எஸ். பணியை விரிவாக்கினார். 1841-இல் கால்டுவெல் எஸ்.பி.ஜி. குருவாக இடையன்குடியை அடைந்தார். 1896-இல் திருநெல்வேலி தனிப் பேராயம் ஆயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதனுள் இணைந்தது.

இவ்வரலாற்றைப் படிப்போர் இரு அணியாகப் பிரிகின்றனர். ஹார்ட்கிரேவின் 1969-ஆம் ஆண்டு நூலின் வழிவந்தோர்க்குச் சபை என்பது ஒரு சமூகம் மேலெழுவதற்குப் பயன்பட்ட படி. அவர்கள் எழுத்தில் பள்ளி உண்டு, சாலை உண்டு, வழக்குமன்றம் உண்டு. ஆராதனை மட்டும் இல்லை. சூசன் பெய்லி 1989-இல் எழுதியதன் தாக்கத்தில் வந்தோர்க்கு ஆராதனை உண்டு. ஆனால் அதில் அவர்கள் தேடுவது பழைய கோயில் மரபின் சாயலை. அறுப்பின் பண்டிகை பொங்கலின் மறுவடிவம், அசனம் கொடைவிழாச் சோற்றின் மறுவடிவம் என்று அடையாளம் கண்டதும் ஆய்வு முடிந்துவிடுகிறது. நம் பல்கலைக்கழகங்களில் அண்மைக்காலத்தில் எழுதப்படும் ஏடுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியையே பின்பற்றுகின்றன. ‘பண்பாட்டேற்பு’ என்ற ஒரு சொல் கிடைத்துவிட்டால் ஓர் இயல் நிறைந்துவிடுகிறது. என் முதல் வரைவிலும் அத்தகைய இயல் ஒன்று இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அறுப்பின் பண்டிகையையே எடுத்துக்கொள்வோம். அது பொங்கலின் மறுவடிவம் என்போர், அதன் எதிர்முனையில் இங்கிலாந்தில் தொன்றுதொட்டு வந்த ஒரு பண்டிகை இருந்ததாகவும், அது இங்கு வந்து உள்ளூர்ச் சாயம் பூசிக்கொண்டதாகவும் கருதுகின்றனர். ஆனால் இன்றுள்ள வடிவில் ஆலய அறுவடைத் திருநாளை இங்கிலாந்தில் தொடங்கி வைத்தவர், கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ என்னும் கடலோரச் சிற்றூரின் குருவான ஹாக்கர். ஆண்டு 1843. கால்டுவெல் இடையன்குடிக்கு வந்து ஈராண்டு கழித்து! 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் அப்பண்டிகைக்கு இடமே இல்லை. ஆகவே இங்கிலாந்துச் சிற்றூரும் தேரிக்காட்டுச் சிற்றூரும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டில், விளைச்சலை ஆலயத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தன. திணிக்கத் தொன்மையான வடிவம் அங்கும் இல்லை. ‘எச்சம்’ என்ற சொல் இதை விளக்கப் போதாது.

சொல் காட்டும் வழி

பாரிஷ் என்பது இங்கிலாந்தில் முதன்மையாக ஒரு நிலப்பரப்பு. அதன் எல்லைக்குள் வாழ்பவர், நம்பிக்கை எதுவாயினும், அப்பாரிஷைச் சேர்ந்தவர். அதன் குருவுக்குரிய தசமபாகம் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட உரிமை. 1836-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பணவாடகையாக மாற்றியது. ஆலயச் செலவுக்கான கட்டாய வரி 1868-இல்தான் நீங்கியது.

அச்சொல்லுக்கு ஈடாகத் திருநெல்வேலியில் நிலைத்தது ‘சேகரம்’. சேகரித்தல் என்னும் வினையோடு சேர்ந்தொலிக்கும் சொல் அது. நிலத்தின் பெயராக அன்றி, செயலின் பெயராக அது நம் காதில் விழுகிறது. இச்சொல்லின் வரலாற்றைத் தனியே ஆராய வேண்டும். நான் சொல்ல வருவது அதன் பொருத்தத்தை மட்டுமே. ஊரின் ஒரு பகுதியினர் மட்டும் சபையில் சேர்ந்த நிலையில் எல்லைக்கோடு வரைந்து பாரிஷ் அமைக்க முடியாது. பல ஊர்களில் சிதறிக் கிடந்த குடும்பங்களை உபதேசியார் ஒருவர் நடந்து நடந்து ஒன்றுசேர்த்தார். அவர்களிடமிருந்து சிறு காணிக்கைகள் சேர்ந்தன. அவ்விரு சேர்த்தலும் கூடிய இடமே சேகரம்.

இதில் இலண்டனின் விருப்பமும் உண்டு. 1841 முதல் சி.எம்.எஸ். செயலாளராக இருந்த ஹென்றி வென், சுதேசச் சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்ற கொள்கையை வகுத்தார். எனவே மிஷனரி அறிக்கைகளில் காணிக்கைக் கணக்குகள் பெருமையுடன் இடம்பெறுகின்றன. அவை இங்கிலாந்து நன்கொடையாளர்க்காக எழுதப்பட்டவை என்பதை மறந்து, அப்படியே புள்ளிவிவரமாக எடுத்தாள்வது நம் ஏடுகளில் அடிக்கடி நேரும் பிழை.

ஏலம்

அறுப்பின் பண்டிகையன்று நிகழ்வனவற்றைச் சபைகளை அறிந்தோர் அறிவர். ஜெபப் புத்தக முறைப்படி ஆராதனை நடக்கும். காணிக்கை வேளையில் தேங்காய், வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, முட்டை, கால் கட்டிய கோழி எல்லாம் பீடத்தருகே வந்து குவியும். குருவானவர் ஜெபித்துப் படைப்பார். ஆசீர்வாதம் கூறப்படும். பிறகு அத்தனை பொருளும் ஆலய முற்றத்துக்கு வரும், ஏலம் தொடங்கும்.

ஆராதனை முடிந்துவிட்டது என்று ஆய்வாளர் குறிப்பேட்டை மூடுவது இந்த நேரத்தில்தான். ஆனால் பண்டிகையின் உயிர் இங்கே இருக்கிறது. சந்தையில் சில ரூபாய் பெறும் தேங்காய் இங்கே அதன் பன்மடங்கு விலைக்குப் போகும். எடுத்தவரே அதைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பார். அது மீண்டும் ஏலத்துக்கு வரும். ஒரே தேங்காய் மும்முறை விற்கப்படுவதும் உண்டு. மும்பையிலிருந்தோ சென்னையிலிருந்தோ பண்டிகைக்கென ஊர் வந்தவர் அண்ணன் கூறிய விலைக்கு மேல் தம்பியாகக் கூறுவதும், சிரிப்பும், சிறு சினமும் எல்லாம் அங்கே உண்டு. விலை கூறுபவர் வாங்குவது தேங்காயை அன்று; ஊரில் தன் இருப்பை.

இதை வணிகமயம் என்று கடிந்துரைப்போர் சபைக்குள்ளேயே உள்ளனர். அவர்கள் கவலையில் பொருளில்லாமல் இல்லை. எனினும், காணிக்கைப் பெட்டியில் போடப்படும் பணத்துக்கு முகமில்லை. ஏலத்தில் கொடுக்கப்படும் பணத்துக்கு முகமும் குரலும் உண்டு. ஜெபப் புத்தகம் எல்லாரையும் ஒரே சொற்களில், ஒரே நேரத்தில் பேசவைக்கிறது. ஏலம் ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசவைக்கிறது. இரண்டும் ஒரே காலைப்பொழுதில், ஒரே முற்றத்தின் உள்ளும் புறமுமாக நிகழ்வதால்தான் அவ்வமைப்பு ஊருக்கு உரியதாகிறது. புத்தகத்தை மட்டும் படித்தால் இங்கிலாந்தையும், ஏலத்தை மட்டும் பார்த்தால் கொடைவிழாவையும் காண்போம்.

வழிபாட்டின் வடிவம் ஊராரைப் பொறுத்தவரை வெறும் சடங்கு அன்று என்பதற்கு இரு வரலாற்றுச் சான்றுகள் உண்டு. ஆங்கிலிக்கன் திருநிலைப்பாட்டு முறையையும் ஜெபப் புத்தகத்தையும் விமர்சித்த ரேனியஸ் 1835-இல் சி.எம்.எஸ். தொடர்பை இழந்தார்; அவருடன் உபதேசியார்கள் பலரும் நின்றனர். 1857-இல் நாசரேத் வட்டாரத்தில் சட்டம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் தனிச் சபை கண்டார். கால்டுவெல் 1849-இல் எழுதிய நூல் தம் சமூகத்தை இழித்துரைத்தது என்ற சினமும் அவர் நிலைப்பாட்டில் இருந்தது. ஐரோப்பியத் தோற்றம் உடையதென அவர்கள் கருதிய யாவும் அச்சபையில் விலக்கப்பட்டன. ஞாயிறு போய் ஓய்வுநாளாகச் சனி வந்தது; திருநிலைபெற்ற குருத்துவம் நீங்கியது; நற்கருணையில் புளித்த திராட்சரசத்துக்கு மாற்றாகப் புளிக்காத சாறு வந்தது. பிரிந்து சென்றவர்கள் பழைய கோயிலுக்குத் திரும்பவில்லை, வேதாகமத்துக்குள்ளேயே இன்னொரு முறைமையைத் தேடினர் என்பதைப் ‘பண்பாட்டேற்பு’ வாசிப்பு எவ்வாறு விளக்கும்?

அசனத்தைப் பற்றி ஓர் ஐயம்

அசனம் வடசொல், உணவு என்பது பொருள். சபையார் கொடுத்த அரிசியும் பருப்பும் காயும் பெருங்கிடாரங்களில் வெந்து, எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது அசனப் பண்டிகை. இதைச் சமத்துவத்தின் சான்றாகக் காட்டாத கட்டுரை அரிது. ஆனால் பல கிறித்தவ ஊர்கள் ஒரே சமூகத்தார் வாழ இடம் வாங்கி அமைக்கப்பட்டவை. அவ்வூரில் எல்லாரும் ஒரே பந்தியில் உண்பது உறவின் சான்று. சமத்துவத்தின் சான்றாக அதைக் கொள்ள, பக்கத்துக் குடியிருப்பின் வேறு சமூகச் சபையார் எந்தப் பந்தியில் அமர்ந்தனர் என்றும் கேட்டிருக்க வேண்டும். நான் படித்த ஏடுகளில் இக்கேள்வி எழவே இல்லை.

யார் கை

உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பது கைப்பிடி அரிசிக் காணிக்கை. கணவரின் இசைவோ கையில் காசோ இதற்குத் தேவையில்லை. நாள்தோறும், அடுப்படியில், சாட்சியின்றி நடப்பது. வெள்ளாளன்விளையின் சிற்றூர்க் குருவுக்கு 1874-இல் மகனாகப் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான அசரியா, கிறித்தவ ஈகையைப் பற்றித் தனிநூலே எழுதினார். அத்தகைய சிந்தனை முளைத்த மண்ணில் இப்பானைக்கும் பங்கு இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

மிசோரத்தில் இதே நடைமுறை ‘பூஃபாய் தாம்’ என்ற பெயரில் 1910 முதல் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்களிடம் தொடர்கிறது. அது பெண்களின் இறையியல் பங்களிப்பாகவே அங்கே பேசப்படுகிறது. நம்மிடமோ, வீடு வீடாகச் சேர்ந்த அரிசி அளந்து விற்கப்பட்டதும், கணக்கேட்டில் ஒற்றை வரியாகிவிடுகிறது. ஏலம் எடுத்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகிறது. பானையில் இட்டவரின் பெயர் எங்கும் இல்லை. சேகரக் கணக்கேடுகளை முதன்மைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வு, இப்பெயரின்மையைத் தானும் மீண்டும் ஒருமுறை எழுதுகிறது.

மலைக்குத் திரும்புமுன் என் வினாநிரலைத் திருத்தினேன். ஆராதனை முறைமை பற்றிய முதல் ஏழு வினாக்களை நீக்கிவிட்டேன். இப்போது முதல் வினா: வீட்டில் எதை, யார், எந்தக் கலத்தில் எடுத்து வைக்கிறார்? திண்ணனூர் நாட்டில் இதன் விடை தேரிக்காட்டைப் போல இராது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லிமலை நிலங்கள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கிறது. சாமையைக் கைப்பிடியாக எடுத்துப் பானையில் இடலாம். மரவள்ளியோ வேரோடு பிடுங்கி மூட்டை கட்டப்பட்டு, லாரியில் ஏறிச் சமவெளியின் சவ்வரிசி ஆலைக்குச் செல்கிறது. விலை ஒரே தொகையாகத் திரும்பி வருகிறது. அத்தொகை முதலில் யார் கைக்கு வருகிறது என்பது என் இரண்டாம் வினா.