பிடியரிசியும் பின்வீடும்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேதக்கோயில் வாசலில் ஏலம் நடக்கும். முருங்கைக்காய்க் கட்டு, நாட்டுக்கோழி முட்டை, முதல் குலை வாழைத்தார், பூசணி என்று காணிக்கையாக வந்ததெல்லாம் போட்டி போட்டு விலை ஏறும். லீவுக்கு ஊருக்கு வந்த ஒருவர் ஒரு பூசணிக்காயை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்து, அதை மறுபடியும் காணிக்கையாகவே வைத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். கடைசியாகச் சாக்கோடு வரும் பிடியரிசியைக் கேட்கத்தான் ஆள் இருக்காது. ஒரு வீட்டுப் பொன்னி, ஒரு வீட்டு ரேஷன் புழுங்கல், இன்னொரு வீட்டுப் பச்சரிசி எல்லாம் அதில் கலந்து கிடக்கும். உலையில் போட்டால் ஒன்று குழைந்துவிடும், ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கும். மாவரைக்கவோ கோழிக்குப் போடவோ யாராவது மலிவாக எடுத்துப்போவார்கள்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குப் பிடியரிசி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அந்த வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்திலோ டப்பாவிலோ போடுவாள். போடும்போது ஒரு வரி ஜெபம். வாரக் கடைசியில் டப்பா கோயிலுக்குப் போகும். அவ்வளவுதான் சடங்கு. பாட்டில்லை, பிரசங்கம் இல்லை, போதகர் ஐயா பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. தமிழ்க் கிறிஸ்தவ பக்தியில் இவ்வளவு சத்தமில்லாத வழக்கம் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் சபைகளுக்குச் சத்தம் பிடிக்கும் என்பது தெரிந்த விஷயம்.

இது நம்முடைய தனிச் சொத்தும் அல்ல. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-லிருந்து ‘புஹ்ஃபாய் தாம்’ என்ற பெயரில் இதையே செய்கிறார்கள். கேரளத்தில் சாவற குரியாக்கோஸ் எலியாஸ் அடிகள் (1805–1871) பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட நாடியது ‘பிடியரி’யைத்தான். காஞ்சி மடத்துக்கும் ஒரு பிடி அரிசித் திட்டம் உண்டு. அரிசி தின்கிற ஊரில் பக்தி அடுப்பங்கரை வழியாகத்தான் நடமாடும் போலிருக்கிறது.

முதலில் இந்த வழக்கத்தின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நிறையக் குறை சொல்லப்போகிறேன் என்பதால். கொடுப்பதை மனசிடம் விடாமல் கையிடம் விட்டதுதான் இதன் பெரிய கெட்டிக்காரத்தனம். மனசு வரும்போது கொடுக்கலாம் என்று விட்டால், மாசத்தில் இரண்டு நாள் வரும், மிச்ச நாள் வராது. கைக்கு அந்தத் தொந்தரவு இல்லை. புருஷனோடு சண்டை போட்ட காலையிலும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்த ராத்திரியிலும் அரிசி அளந்த கை தானாக ஒரு பிடியைத் திருப்பிப் போட்டுவிடும். பனையேற்றுக் குடும்பங்களில் பதநீர் ஓய்ந்த மாதங்களில் உலையே சுருங்கும், பிடியும் சுருங்கும், ஆனால் நிற்காது. சொந்தப் பசியின் அளவிலேயே கொடையின் அளவும் இருந்ததால் இதில் யாரும் கடன்பட்டதில்லை, யாரும் பெருமையடித்ததும் இல்லை.

இரண்டாவது, இது பெண்ணின் காணிக்கை. பணம் ஆணின் மடியில் இருந்த வீட்டில் அரிசிப்பானை ஒன்றுதான் அவள் ஆட்சிக்குட்பட்டது. அதிலிருந்து யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுக்கலாம். சபைக் கணக்கில் அவள் பெயர் குடும்பத் தலைவருடைய பெயருக்குள் மறைந்திருந்த காலத்திலும் சாக்கில் அவள் பங்கு இருந்தது. அந்தப் பங்கு எது என்று பிரித்துச் சொல்ல முடியாததும் ஒரு நன்மை. கலந்த அரிசியில் பெரிய பிடி எது, சிறிய பிடி எது என்று எந்தக் கணக்கப்பிள்ளையாலும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு சரித்திரக் கணக்கும் தீர்ந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நெல்லைச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அன்றே கிளம்பியது, இன்னும் அடங்கவில்லை. அந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்த பெண்கள் தங்கள் சோற்றிலிருந்து தினம் ஒரு பிடி கொடுத்தார்கள். ஏச்சுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

இனி அந்த அரிசி எங்கே போனது என்று பார்க்கலாம்.

போனது தூரத்துக்கு. 1903-இல் பாளையங்கோட்டையில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, அவர்கள் தேர்ந்துகொண்ட ஊழியக்களம் தெலுங்கு நாட்டு டோர்னக்கல். வெள்ளைக்காரன் பணமில்லாமல், நம் பணத்தில், நம் ஆட்களைக் கொண்டு என்பது அவர்கள் வைராக்கியம். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த காணிக்கைகள் தெரியாத மொழி பேசும் ஊர்களில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் ஆயின. தென்கோடியில் பனங்காட்டு ஓரம் இருந்த ஒருத்தி, வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஓர் ஊரைத் தன் அடுப்படியில் தினமும் நினைத்தாள் என்பது சின்ன விஷயமில்லை. அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் டோர்னக்கல் வரை போன அரிசி, பின்வீட்டுக்குப் போனதா?

போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிடியரிசி பிரிக்கப்பட்ட நிமிஷத்திலிருந்து அது ‘கோயிலுக்கு உள்ளது’. வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து ஏலம், ஏலத்திலிருந்து பணம், பணம் பல சபைகள் சேர்ந்த சேகரத்துக்கு, அங்கிருந்து மேலே. கொடுத்தவள் வாங்கியவரின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். காஞ்சி மடத்தின் திட்டம் இந்த ஒரு விஷயத்தில் புத்திசாலித்தனமானது: அந்தந்த வட்டாரத்தில் சேர்ந்த அரிசி அங்கேயே உள்ளூர்க் கோயிலில் சோறாகி ஏழைகளுக்குப் போக வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. சாவற அடிகளின் பிடியரியும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் வயிற்றுக்குப் போனது. நம்முடையதோ பணமாகிப் பயணப்பட்டது.

இதற்கு வேதாகமத்தின் ஒரு வார்த்தையும் ஓரளவு காரணமோ என்று நான் சந்தேகப்படுவதுண்டு. ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871-இல் முடிந்த மொழிபெயர்ப்பைத்தான் எங்கள் வீடுகளில் வாசிக்கிறோம். அதில் அன்புகூரச் சொல்லியிருப்பது ‘பிறனிடத்தில்’. 1995-இல் வந்த திருவிவிலியம் அதே இடத்தில் ‘அடுத்திருப்பவர்’ என்கிறது. வள்ளுவர் ‘பிறனில் விழையாமை’ என்று அதிகாரமே வைத்தார். பிறன் என்றால் நான் அல்லாத எவனும். விசாலமான சொல்தான், ஆனால் முகமில்லாத சொல். டோர்னக்கல்காரனும் பிறன், சீனாக்காரனும் பிறன். அடுத்திருப்பவர் என்றால் கதை வேறு. அவருக்கு முகம் உண்டு, குரல் உண்டு, நம் வாசலில் வந்து தேங்கும் சாக்கடைத் தண்ணீர் உண்டு. பிறனை நேசிப்பதற்கு ஒரு டப்பா போதும். அடுத்திருப்பவரை நேசிக்க அது போதாது.

நல்ல சமாரியன் கதையை இந்தக் கண்ணோடு மறுபடி வாசித்தால் ஒன்று உறுத்துகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போனவர்கள் ஓர் ஆசாரியனும் ஒரு லேவியனும். ஜனங்கள் கடவுளுக்கென்று எடுத்து வைத்த காணிக்கையை வாங்கி, அதிலேயே பிழைத்தவர்கள் அவர்கள். சமாரியனோ எதையும் எடுத்து வைத்திருந்ததாகக் கதையில் இல்லை. அந்த நேரத்தில் கையிலிருந்த எண்ணெய், திராட்சரசம், ஏறிவந்த மிருகம், சத்திரக்காரனுக்கு இரண்டு பணம். எல்லாம் வழிச்செலவுக்கு வைத்திருந்தது. காணிக்கை முறை கெட்டது என்று கதை சொல்லவில்லை. ஆனால் காணிக்கை முறைக்கு உள்ளேயே வாழ்கிறவனுக்கு ரோட்டோரம் தெரியாமல் போகும் என்று சொல்லாமல் சொல்கிறது. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இன்னும் கடுமை. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்கு நேர்ந்தது, என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை இயேசு வெளிப்படையாகவே கண்டிக்கிறார். பிடியரிசி டப்பாவும் ஒரு சின்னக் கொர்பான் ஆகிவிடக்கூடும்.

இன்னொரு குறையைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. சாக்கில் அரிசி கலந்த மாதிரி சபையில் ஆட்கள் கலக்கவில்லை. பிஷப் டேனியல் வில்சன் 1833-இலேயே சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார்; அதை எதிர்த்துத் தஞ்சாவூரில் பெரும் சச்சரவு நடந்தது. இருநூறு வருஷம் நெருங்குகிறது. இன்றைக்கும் கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரத்தில் ‘ஆவிக்குரிய குடும்பம்’ என்பதற்கு அடுத்த வார்த்தை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டு அரிசி என்று பார்க்காமல் ஒரே சாக்கில் கொட்டிய கைகள், எந்த வீட்டுப் பந்தி என்று பார்த்துத்தான் உட்கார்ந்தன. 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அசரியா வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து, நீங்கள் தந்ததெல்லாம் சரி, இனி எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்றார். கொடுப்பதும் சமமாகப் பழகுவதும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதே நட்பை நம் ஊர்த் தெருக்கள் நம்மைப் பார்த்துத் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

இப்போது பல சபைகளில் டப்பா போய்க் கவர் வந்துவிட்டது. காரணம் புரிகிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். விலையில்லாத அரிசியில் ஒரு பிடி எடுப்பது எந்த வயிற்றையும் சுருக்காது. அதனால் ‘பிடியரிசிக் காணிக்கை’ என்று அச்சடித்த கவரில் ரூபாயைப் போடுகிறோம். கவரில் குடும்ப எண் இருக்கிறது. வருஷக் கடைசியில் பட்டியல் வருகிறது. கலந்த அரிசி ஒளித்துவைத்ததைப் பட்டியல் வெளியே கொண்டுவந்துவிட்டது. பெண்ணின் பானையிலிருந்து எடுத்தது மறுபடி ஆணின் பர்ஸுக்குள் போய்விட்டது. பழைய வழக்கத்தின் குறைகள் எல்லாம் அப்படியே இருக்க, பலங்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் களைந்த சீர்திருத்தம் இது.

டப்பாவும் கவரும் இல்லாமல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், வெள்ளத்தில் தண்டவாளம் அரித்துப்போய் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியிருந்தது. ரயிலில் சுமார் 800 பேர். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டுப் பண்ட பாத்திரத்தோடு வந்து ஊர்க்கோயிலில் சமைத்துப் போட்டார்கள். மீட்புக்காரர்கள் வந்து சேர்வதற்குள் அவர்கள் பந்தி வைத்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் தெரிந்தவரில்லை. எடுத்து வைத்த அரிசியும் இல்லை, அன்றைய உலைக்கு இருந்த அரிசிதான்.

எடுத்து வைக்கிற பழக்கம் இல்லாமலே இது நடந்தது என்பதால் பழக்கமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சியில்லை. வெள்ளம் வருஷா வருஷம் வருவதில்லை. பின்வீட்டுப் பசி தினமும் வருகிறது, மீட்பு ஹெலிகாப்டரின் சத்தமில்லாமல் வருகிறது. தினசரிப் பசிக்குத் தினசரிப் பழக்கம்தான் ஈடுகொடுக்கும். டப்பா இருக்கட்டும், அதன் மூடியை வாரத்தில் ஒரு நாள் கோயில் மட்டுமே திறக்கலாம் என்ற ஏற்பாட்டைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

இந்தச் சந்தேகம் எனக்கு என் ஆச்சியிடமிருந்து வந்தது. அவள் டப்பா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். மூடியில் ஆணியால் சிலுவை கீறியிருப்பாள். ஒரு மழைக்கால மத்தியானம் பின்வீட்டு அம்மா வேலி ஓரம் வந்து நின்றாள். ஓலைப்பெட்டி முடைகிறவள், வேதக்காரி இல்லை. ஓர் உழக்கு அரிசி வேண்டும் என்றாள். எங்கள் பானை அன்று காலையே துடைத்தாகிவிட்டது. பாட்டில் மட்டும் கழுத்துவரை நிறைந்திருந்தது. நான்தான் அதைக் காட்டினேன். “ஏலே, அது ஆண்டவருக்கு எடுத்து வச்சதுல்லா” என்று ஆச்சி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு மூன்றாம் வீட்டுக்கு மழையோடு போய், உழக்கைக் கடன் வாங்கிவந்து வேலிக்கு மேலே கொடுத்தாள்.

ரொம்ப வருஷம் இதை ஆச்சியின் பெருமையாகவே சொல்லித் திரிந்தேன். ஆண்டவரையும் ஏமாற்றவில்லை, அடுத்தவளையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை என்று. பிறகு வயதாக வயதாக, அந்தப் பாட்டில் ஏன் திறக்கவில்லை என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். பாட்டிலுக்கு முன்னால் தினமும் நின்று பழகிய கால்தான் மழையில் மூன்றாம் வீட்டுக்கு நடந்தது. அந்தப் பழக்கம்தான் பாட்டிலைத் திறக்கவும் விடவில்லை.

பின்வீட்டு அம்மா அந்த அரிசியைத் திருப்பித் தந்தாளா என்று தெரியாது. ஆச்சி கேட்டிருக்க மாட்டாள். ஆச்சி மூன்றாம் வீட்டுக் கடனை அடைத்தது மட்டும் நினைவிருக்கிறது. வாங்கும்போது தலை தட்டி அளந்து வாங்கினாள். கொடுக்கும்போது கோபுரமாகக் குவித்து, வழியில் சிந்தாமல் இருக்க ஒரு கையை மேலே பொத்திக்கொண்டு போனாள்.