கிடந்த ராமனும் ஓடும் படமும்

ஜப்பானியரான யூகோ சாகோ எடுத்த ராமாயண அனிமேஷன் படத்தின் மேல் எனக்குத் தீராத காதல் உண்டு. கூடவே ஒரு வழக்கும் உண்டு. வழக்கு கடற்கரைக் காட்சியைப் பற்றியது. கடலரசன் வழிவிட வேண்டுமென்று ராமன் தருப்பையில் கிடந்தது வால்மீகியில் மூன்று இரவு. கம்பன் அதை ஏழு பகலாக நீட்டினான். புழுதி வந்து திருமேனியில் படிய, வெயில் முகத்தை வருட, ஒவ்வொரு பகலும் ஓர் ஊழியைப் போல் கழிந்தது என்று எழுதினான். சாகோவின் படத்திலோ அந்தக் காத்திருப்பு வெகு சீக்கிரம் தாண்டிப் போய்விடுகிறது. வில் எழுகிறது, கடல் பணிகிறது, பாறைகள் விழத் தொடங்கிவிடுகின்றன.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ராமநாதபுரத்துக்காரனுக்குத் தோன்றும். அயோத்திக்கு அரியணையில் அமர்ந்த ராமன், வடுவூருக்கு நின்று சிரிக்கிற ராமன் என்றால், எங்களுக்குக் கிடந்த ராமன். திருப்புல்லாணி ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலுக்குள் தர்ப்பசயன ராமர் சந்நிதியில் போய் நின்றால் அது தெரியும். மனைவியைப் பறிகொடுத்தவன், பெரும் படையோடு வந்தவன், தண்ணீருக்கு முன்னால் வந்து செய்வதறியாமல் படுத்திருக்கிறான். அந்த ஒரு நிலையைச் சுற்றித்தான் இந்தக் கடற்கரையின் பக்தி முழுதும் வளர்ந்திருக்கிறது. ராமனின் வீரத்தை எல்லா ஊரும் பாடிவிட்டது. அவன் கையறு நிலைக்குக் கோயில் எடுத்தது இந்த ஊர்.

அனிமேஷன் அசைவின் கலை, கிடப்பதையெல்லாம் அதில் காட்ட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பானியர் கையில் அந்தக் கேள்வி செல்லாது. 1963இல் தெசுகா ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை வாராவாரம் தொலைக்காட்சிக்குக் கொடுக்கத் தொடங்கியபோது பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு நொடிக்கு இருபத்துநான்கு பிரேம் ஓடும் இடத்தில் எட்டு ஓவியமோ அதற்கும் குறைவாகவோ வைத்துச் சமாளித்தார்கள். ஒரே ஓவியத்தை நிறுத்திவைத்து, காமிராவை மட்டும் மெல்ல நகர்த்தினார்கள். முகம் அசையாது, முடியிழை மட்டும் காற்றில் அலையும். உடம்பு அசையாது, பின்னால் மேகம் மட்டும் போகும். சிக்கனத்துக்காகக் கண்டுபிடித்த வழி முப்பது வருடத்தில் ஓர் அழகியலாகவே முற்றிவிட்டது. டிஸ்னி பள்ளியில் பாத்திரம் சும்மா நின்றால் உயிரில்லை என்பார்கள்; ஜப்பானியப் பள்ளியில் சும்மா நிற்கும்போதுதான் பாத்திரத்துக்குள் போவார்கள். அதனால்தான் எனக்கு ஆதங்கம். உலகத்தில் திருப்புல்லாணி ராமனை வரையத் தகுதியுள்ள கைகள் என்று இருந்தால் அவை அந்தப் படத்தில் வேலை செய்த கைகளே. கிடந்த ஏழு நாளையும் இரண்டே நிமிட மௌனத்தில், அலையையும் மணலையும் மட்டும் அசைத்துக் கொடுத்திருக்கலாம். வாய்ப்பு கைக்கெட்டியும் போய்விட்டது.

இத்தனை சொன்னபிறகும் இந்தப் படத்துக்கு இணையாக இன்னொன்றை நான் வைக்கமாட்டேன். சாகோ 1983இல் தொல்லியலாளர் பி. பி. லாலின் அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தவர். கதையில் விழுந்தார், எழவே இல்லை. கூட இயக்க நம் பக்கம் ராம் மோகன், அவர்கள் பக்கம் கோய்ச்சி சசாகி, இசைக்கு வன்ராஜ் பாட்டியா. அயோத்திப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் வெளிநாட்டவன் ராமனைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று எதிர்ப்பு கிளம்பியதால் வேலையின் பெரும்பகுதி ஜப்பானிலேயே நடந்தது. கலைஞர்கள் சுமார் 450 பேர், கையால் தீட்டிய தாள்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் என்பார்கள். கும்பகர்ணன் எழுந்து வரும் பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் போட்டுப் பாருங்கள். அந்த உடம்பின் கனத்தை எந்தக் கணினிப் படமும் இன்றுவரை எனக்கு உணர்த்தவில்லை. போர் முடிந்த களத்தில் ராமன் முகத்தில் வெற்றி இல்லை, துக்கம் இருக்கிறது. அந்தத் துக்கம் சாகோ சேர்த்த அழுத்தம். கதையை மாற்றியிருக்கிறார் என்றால் அங்கேதான் மாற்றியிருக்கிறார். அதை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன்.

2025 ஜனவரியில் படத்தைப் புதுப்பித்துத் தமிழிலும் வெளியிட்டார்கள். மதுரைக்குப் போய்ப் பார்த்தேன். என்னோடு வந்த நண்பருக்குப் பெரிய மனக்குறை: ராமனுக்கு ஜப்பான் கண். இந்தப் புகாரை நான் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். அவரை அடுத்த வாரமே ராமநாதபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போய் ராமலிங்க விலாசத்தின் மாடி ஏற்றினேன். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகள் தீட்டுவித்த சுவர்கள் அவை. பாலகாண்டம் பட்டை பட்டையாக ஓடுகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் எழுத்தில் விளக்கம் வேறு. இன்றைய அனிமேஷன்காரர் படப்பிடிப்புக்கு முன்னால் சுவரில் ஒட்டிவைக்கும் கதைப்பலகையேதான். அதில் தசரதன் என்ன உடுத்தியிருக்கிறான்? சேதுபதி தர்பாரில் உடுத்தியதை உடுத்தியிருக்கிறான். தலைப்பாகை, அணிகலன், சேவகர்கள் எல்லாம் இந்தச் சீமையின் அரண்மனை வழக்கம். கீழே வேறொரு சுவரில் ஐரோப்பியரைச் சந்திக்கும் சேதுபதிக்கும், மேலே இருக்கும் தசரதனுக்கும் தையற்காரன் ஒருவன்தான். கோசலத்து மன்னனுக்கு மறவர் சீமை உடை பொருந்தும் என்றால் சரயு நதிக்கரைப் பிள்ளைக்கு ஜப்பான் கண்ணும் பொருந்தும். யார் வரைந்தாலும் தன் வீட்டு முகத்தைத்தான் வரைவார்கள். நண்பர் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அந்தச் சுவர்களில் வண்ணம் உதிர்ந்துகொண்டிருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டியவர்கள் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.

கதையை மாற்றவே கூடாது என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. எங்கள் கடற்கரையில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. அணிலை எடுத்துக்கொள்ளுங்கள். வால்மீகியில் அணில் இல்லை. கம்பனிலும் இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் இருக்கிறது: குரங்குகள் மலையைத் தள்ளிக்கொண்டிருக்க, அது தண்ணீரில் நனைந்து மணலில் புரண்டு ஓடுகிறது. ஆழ்வார் அதைப் பார்த்துத் தன்னை நொந்துகொள்கிறார், அவ்வளவுதான். ராமன் முதுகில் தடவியதும் மூன்று கோடு விழுந்ததும் அந்தப் பாட்டில் இல்லை. அவை பாட்டிமார் சேர்த்தவை. வடக்கே முற்றங்களில் ஓடுவது ஐந்து வரி அணில். இங்கேயும் கடலுக்கு அப்பால் இலங்கையிலும் தென்னையேறுவது மூன்று வரி அணில். தெற்கத்திக் கதைக்குத் தெற்கத்தி அணிலின் முதுகு பொருத்தமாக அமைந்துவிட்டது. தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லும், ராமேசுவரத்துச் சீதை கூட்டிய மணல் லிங்கமும் அப்படித்தான் கதைக்குள் வந்து சேர்ந்தவை. நூலை மாற்றியவர்கள் நாங்கள்தான்.

ஆகவே மாற்றத்தை நான் எடைபோட்டுத்தான் பார்ப்பேன், எண்ணிப் பார்ப்பதில்லை. கொல்லோதியின் ‘பினோக்கியோ’ 1883இல் புத்தகமானது. அதில் புத்தி சொல்ல வந்த பூச்சியை அந்த மரப்பொம்மை சுத்தியலை வீசி அடித்துக் கொன்றுவிடும். 1940இல் டிஸ்னி அதே பூச்சிக்குத் தொப்பியும் குடையும் கொடுத்து, பாடவைத்து, கதைக்கே மனசாட்சியாக்கிவிட்டார். முழுத் தலைகீழ். ஆனாலும் அந்த மாற்றத்தில் கலை இருக்கிறது. பூச்சியின் நடையில், அது குடையை ஊன்றும் விதத்தில் ஒரு முழு மனிதனைப் பார்க்கலாம். ‘ஸ்னோ ஒயிட்’டில் கிரிம் சகோதரர்கள் சித்தியரசிக்குக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டிச் சாகும்வரை ஆடவிட்டார்கள், 1937 படத்தில் அவள் பாறையிலிருந்து விழுந்தாள். குழந்தைகளுக்கு அது போதும். ஆண்டர்சனின் கடற்கன்னிக்கு 1989இல் கல்யாணம் செய்துவைத்ததை மட்டும் என்னால் செரிக்க முடிவதில்லை. காதலனைக் குத்திக் கொல்லக் கையில் கத்தி கிடைத்தும் அதைக் கடலில் எறிந்துவிட்டு நுரையாகிறவள் அவள். அந்தக் கடைசி இரவை எடுத்துவிட்டால் பாட்டும் நண்டும் மட்டுமே மிஞ்சுகின்றன. நண்டு நன்றாகத்தான் பாடுகிறது.

இந்தப் பக்கவாத்தியப் பிராணிகள் ஒரு பெரும் தொற்றாகிவிட்டன. இப்போது குழந்தைகளுக்காக வரும் அணில் கார்ட்டூன்களில் அணில் வாய் ஓயாமல் பேசுகிறது. குரங்குகள் அதைக் கேலி செய்கின்றன, அது அழுகிறது, ராமன் வந்து ஒரு சின்ன சொற்பொழிவு ஆற்றுகிறார். ஆழ்வாரின் அணில் ஒரு சொல் பேசவில்லை என்பதுதான் அதன் பெருமை. மணலில் புரளுவது, உதறுவது, மறுபடி தண்ணீருக்கு ஓடுவது என்று அதற்கு இருந்தது உடம்பின் அசைவு மட்டுமே. அனிமேஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வசனமே வேண்டாத பாத்திரம் கையில் இருக்கும்போது அதற்கு டப்பிங் ஆள் தேடுகிறார்கள்.

நகைச்சுவைக்கு நான் விரோதி இல்லை. தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் இரவிரவாக நடக்கும்போது உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நடுவில் வந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்கவைத்துப் போவார்கள். விளக்குக்கும் வெள்ளைத் துணிக்கும் இடையில் தோலை அசைத்த அந்த மண்டிகர் குடும்பங்கள்தாம் நம் நாட்டின் முதல் அனிமேஷன்காரர்கள் என்பேன். அவர்களுக்கு ஓர் அளவு தெரிந்திருந்தது. சிரிப்பு வரும், போகும். ராமன் வந்தால் திரையில் அமைதி. 2005இல் வி. ஜி. சாமந்த் எடுத்த ‘ஹனுமான்’ குழந்தை அனுமனைச் சிரிக்கவைத்தாலும் அந்த அளவைப் பெரிதும் காப்பாற்றியது. இரண்டே வருடத்தில் வந்த அடுத்த படத்தில் அனுமன் மாருதியாக மறுபிறவி எடுத்துப் பள்ளிக்கூடம் போனார். 2008இல் சோட்டா பீம் வந்தான். இன்று பீமன் என்றால் லட்டு தின்றுவிட்டு அடிக்கும் பையன் என்றே பல பிள்ளைகளுக்குத் தெரியும். கதாயுதம் தூக்கிய பீமனைப் பிறகு யாராவது சொல்லித்தர வேண்டும். சொல்லித்தர வீட்டில் ஆள் குறைந்துவருகிறது.

நினா பேலியின் ‘சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்’ ரசிகர்கள் என்னைப் பழமைவாதி என்பார்கள். 2008இல் வந்த அந்தப் படத்தை ஏறக்குறைய தனி ஒருத்தியாக ஒரு பெண் கணினியில் செய்து முடித்தார் என்பதற்காகவே அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்று நிழற்பாவைகள் உட்கார்ந்து, அது எந்தக் காண்டம், இது யார் சொன்னது என்று தங்களுக்குள் திருத்திக்கொண்டே கதை சொல்லும் பகுதி அற்புதம். தேர்முட்டித் திண்ணையில் நான் கேட்டு வளர்ந்த பேச்சு அதுவே. ஆனால் அந்தப் படத்தில் சீதைக்குப் பாட்டு இருக்கிறது, ராமனுக்கு உள்ளம் இல்லை. அவன் வெறும் நெஞ்சு நிமிர்த்திய படம். உத்தர காண்டம் வரை போய் அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால்தான் நேர்மை என்கிறார்கள். சாகோ முடிசூட்டோடு நிறுத்தியதைக் கோழைத்தனம் என்கிறார்கள். கம்பனும் அங்கேதான் நிறுத்தினான். அவனைக் கோழை என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

எனக்கு ஓர் ஆசை உண்டு. சீதையின் மணல் லிங்கக் கதையை யாராவது எடுக்க வேண்டும். கைலாயம் போன அனுமன் திரும்பத் தாமதமாகிறது. நேரம் தவறக்கூடாதென்று சீதை கடற்கரை மணலைக் கூட்டி லிங்கம் பிடிக்கிறாள். வந்த அனுமனுக்குக் கோபம். வாலைச் சுற்றி இழுக்கிறான், மணல் அசையவில்லை. மலையைத் தூக்கியவனிடம் ஒரு பெண் கையால் பிடித்த ஈரமணல் அசையவில்லை. பிறகு ராமன் அவன் கொண்டுவந்த லிங்கத்தையும் வைத்து, முதல் பூசை அதற்கே என்கிறான். ராமேசுவரத்தில் இன்றைக்கும் அந்த விசுவலிங்கத்துக்குத்தான் முதல் பூசை. கோபம், வால், மணல், சமாதானம் என்று இருபது நிமிடப் படத்துக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. பேசும் பிராணி ஒன்றும் தேவையில்லை.

சென்னையில் இன்று எத்தனையோ இளைஞர்கள் வெளிநாட்டுப் படங்களுக்குத் தீயும் தண்ணீரும் புகையும் செய்துகொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை சாலையில் பத்து கிலோமீட்டர் தொலைவில் திருப்புல்லாணி. அங்கே கிடந்த ராமனைப் பார்த்துவிட்டு, நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேதுக்கரைக்கு உச்சிவெயிலில் போய், கடலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்காருங்கள். வரைவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.