ஓத்தும் ஒழுக்கமும்: ‘வேதியர் ஒழுக்கம்’ காட்டும் சீடத்துவமும் நற்செய்தி அறிவிப்பும்

வீரமாமுனிவரின் ‘வேதியர் ஒழுக்கம்’ (1727) தமிழ் உரைநடை வரலாற்று நூல்களில் தவறாது இடம்பெறும். அந்த இடமே அந்நூலை முழுமையாகப் படிப்பதற்குத் தடையாகவும் அமைந்துவிட்டது. வாக்கிய அமைப்பு, சொல்லாட்சி, வடசொற்கலப்பு என நடை பற்றிய ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. நூல் யாரை நோக்கிப் பேசுகிறது, ஏன் பேசுகிறது என்னும் வினாக்களோ ஓரிரு தொடர்களில் கடக்கப்பட்டுவிடுகின்றன. ‘உபதேசியார்களுக்கு எழுதப்பட்டது’ என்னும் குறிப்புடன் பலர் நின்றுவிடுகின்றனர். நூலின் கருத்துநிலை அக்குறிப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

உபதேசியாரின் நிலையை அறியப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர் நல்ல சான்று. திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட இவ்வூரில் இயேசு சபையைச் சேர்ந்த வெனான்சியுஸ் புஷே பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சிற்றாலயம் ஒன்றை எழுப்பினார். (சில சுற்றுலாக் குறிப்புகளில் இது 1547 என அச்சாகியுள்ளது, நோபிலி மதுரைக்கு வந்ததே 1606இல் என்பதால் அவ்வாண்டு பொருந்தாது.) இன்றுள்ள பெரிய ஆலயம் 1747ஆம் ஆண்டினது. வீரமாமுனிவர் பணியாற்றிய ஆலயங்களுள் ஆவூரும் ஒன்று. இத்தகைய மையத்தைச் சூழ்ந்த சிற்றூர்கள் பல. குருக்களோ மிகச் சிலர். குரு வந்து போகும் நாள்களுக்கு இடைப்பட்ட நெடுங்காலத்தில் செபம் சொல்லிக் கொடுத்தவரும், சாகும் தறுவாயிலிருந்த குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தவரும், பிணக்குத் தீர்த்தவரும் உள்ளூர் உபதேசியாரே. ஊரார் நாள்தோறும் கண்டது அவருடைய வாழ்க்கையை. கடன், குடும்பம், கோபம் எதுவும் ஊர்க்கண்ணுக்கு மறைவதில்லை. அவர் சீடராக வாழ்வதும் நற்செய்தி அறிவிப்பதும் வெவ்வேறு பொழுதுகளில் நிகழும் இரு செயல்களாக இருக்க இயலவில்லை.

இந்நிலையை நூலின் தலைப்பே சுட்டுகிறது. ‘வேதியர் உரை’ என்றோ ‘வேதியர் கடமை’ என்றோ பெயரிடாமல் ‘ஒழுக்கம்’ என்னும் சொல்லை ஆசிரியர் தேர்ந்துள்ளார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் அவர். ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் நான்காம் குறள் (134) ஓத்தையும் ஒழுக்கத்தையும் எதிரெதிர் நிறுத்துவது. கற்ற வேதத்தை மறந்தாலும் மீண்டும் கற்கலாம். ஒழுக்கம் குன்றினால் மீட்சியில்லை என்பது அதன் கருத்து. வேதம் ஓதுவோனையும் ஒழுக்கத்தையும் ஒருசேரப் பேசும் அக்குறளின் பின்னணியில் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் தொடரைப் படிக்கும்போது ஒரு நுட்பமான இடமாற்றம் புலப்படும். குறள் பேசுவது பிறப்பால் வந்த ஒழுக்கத்தை. வீரமாமுனிவரின் வேதியரோ பிறப்பால் வேதியர் ஆனவர் அல்லர், அழைப்பால் ஆனவர். பழஞ்சொல் நிற்கிறது, பிறப்பு நின்ற இடத்திற்கு அழைப்பு வந்துவிடுகிறது. அழைப்புக்கு இசைவாக வாழ்தலே சீடத்துவம் எனின், ஓதுதலின் தகுதி அவ்வாழ்விலிருந்தே பிறக்கிறது.

மத்தேயு நற்செய்தியின் இறுதிக் கட்டளை இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. கிரேக்க மூலத்தில் ‘சீடராக்குதல்’ என்பது மட்டுமே ஏவல் வினைமுற்று. போதல், திருமுழுக்களித்தல், கற்பித்தல் ஆகிய மூன்றும் அதனைச் சார்ந்த எச்ச வடிவங்கள். சீர்திருத்தத் திருச்சபையினரிடையே வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இவ்வுறவு தலைகீழாகிறது. ‘சீஷராக்கி’ என்பது வினையெச்சமாக இடையில் நிற்க, உபதேசித்தலே வினைமுற்றாகத் தொடரை முடிக்கிறது. முற்று இறுதியில் வரும் தமிழ்த் தொடரமைப்பின் விளைவு இது. மொழிபெயர்ப்பாளரின் பிழை அன்று. எனினும் தமிழ் வாசகரின் செவியில் இறுதியாக ஒலிப்பது உபதேசமே. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘சீடராக்குங்கள்’ என்பதனை முற்றாக்கி இதனைச் சரிசெய்தது. ஆயின் திருமுழுக்களித்தலையும் கற்பித்தலையும் தனித்தனி முற்றுகளாக்கியதால் அவை சமநிலைக் கட்டளைகளாகிவிட்டன. அறிவிப்பு சீடத்துவத்தில் அடங்கியது என்னும் மூலத்தின் இலக்கண உறவைப் பெயரளவிலேனும் காத்த பழந்தமிழ் நூல் எது எனத் தேடினால், விவிலியப் பெயர்ப்பு அல்லாத ‘வேதியர் ஒழுக்கம்’ முன்வந்து நிற்கும்.

‘பரமார்த்த குருவின் கதை’யை நகைச்சுவை நூலாக மட்டும் காண்பதும் இவ்வகையில் போதாது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐவரிடமும் பணிவுக்குக் குறைவில்லை. ஆறு உறங்குகிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையை எடுத்துச் செல்பவனும் குருவின் ஏவலைத்தான் நிறைவேற்றுகிறான். அறிவின்றிப் பின்செல்லும் சீடனிடம் பிறருக்கு அறிவிக்கத்தக்கது ஏதும் இல்லை. ஒரே ஆசிரியர் ஒரு நூலில் வேண்டிய சீடரையும் மற்றொன்றில் வேண்டாத சீடரையும் படைத்துள்ளார் எனக் கொள்வது மிகையாகாது.

இவ்வளவு கூறியபின் நூலின் எல்லையையும் கூறியாகவேண்டும். ‘வேதியர் ஒழுக்கம்’ உபதேசியாரை நோக்கிப் பேசுகிறதேயன்றி உபதேசியாரைப் பேசவிடவில்லை. ஒழுக்கத்தை வகுப்பவர் ஐரோப்பியத் துறவி. அதன்படி நடக்க வேண்டியவர் அவருக்குக் கீழ்ப்பட்டுப் பணிபுரியும் இல்லறத்தான். துறவிக்குரிய அளவுகோல் இல்லறத்தான்மீது வைக்கப்படும்போது சீடத்துவம் எளிதில் கண்காணிப்பாக மாறக்கூடும். உரைநடைத் திறனை வியக்கும் திறனாய்வாளர் இந்த ஆதிக்க உறவைக் காணத் தவறுவர். மறைப்பணி வரலாற்றைக் குற்றப்பத்திரிகையாக மட்டும் எழுதுவோர் அழைப்பு என்னும் கருத்து பிறப்பின்மீது தொடுத்த வினாவைக் காணத் தவறுவர். இரு தரப்பினர்க்கும் ஆவூர் போன்ற ஊர்களின் வழக்காறுகள் உதவக்கூடும். அங்கு உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி நிகழும் பாஸ்கா நாடகத்தையும் தேரையும் காணப் பிற சமயத்தாரும் வருகின்றனர். அந்நாடகத்தில் அறிவிப்பவர் குருவோ துறவியோ அல்லர். வேடமிட்டு நிற்பவர் உள்ளூர்க்காரர். மறுநாள் அவரை வயலிலும் கடைத்தெருவிலும் காணப்போகும் ஊராரே அவையோர்.