திருவிருந்தில் முந்தியவர், பிந்தியவர்

1706 ஜூலையில், டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரிகள் சீகன்பால்குவும் புளுட்சாவும் காவிரி நாட்டுக்குக் கொண்டுவந்த லூத்தரன் போதனையின் நடுநாயகம் ஒன்றுதான்: மனிதன் இரட்சிக்கப்படுவது விசுவாசத்தினால், கடவுளின் கிருபையால், தான் செய்த நற்கிரியைகளால் அல்ல. இதன் பலத்தை வேதசாத்திர நூல்களைவிட இந்த நெல்வயல்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். நிலம் எழுதிவைக்கவும் அன்னதானம் செய்யவும் மிராசுதாரால் முடியும். கூலி நெல்லுக்காகக் களத்தில் காத்து நிற்கும் பண்ணையாளால் முடியாது. புண்ணியத்தைச் செயலால்தான் சேர்க்க வேண்டுமென்றால் அங்கும் சொத்துள்ளவனே முந்துவான். கிருபை அந்தக் கணக்கையே இல்லாமலாக்கியது. 1707 மே மாதத்தில் இந்த மிஷனில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனிஷ்காரர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். உலகில் தங்களுக்கென்று எதுவும் இல்லாதவர்களுக்கு, யாராலும் பறிக்க முடியாத ஓரிடத்தை அந்தப் போதனை பரலோகத்தில் உறுதி செய்தது. இதைச் சிறிய காரியம் என்று தள்ளிவிட என்னால் முடியாது.

ஆனால் அதே போதனையைச் சபை வேறொரு விதமாகவும் பயன்படுத்திக்கொண்டது. இரட்சிப்பு செயலைச் சார்ந்ததல்ல என்றால், சாதி இரட்சிப்பைச் சேர்ந்த விஷயமல்ல. அது உலக வழக்கு, அதைத் தொட வேண்டியதில்லை என்று முடிவு கட்டினார்கள். தனித்தனி இடங்களில் உட்காருவதும், திருவிருந்துக்கு உயர்சாதியார் முதலில் வருவதும் இப்படித்தான் நிலைத்தன. இதன் விலையை இராஜநாயக்கனின் வாழ்க்கையில் காணலாம். தஞ்சை அரசரின் படையில் சேவை செய்தவர். கத்தோலிக்கராக இருந்து, தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்து லூத்தரன் சபைக்கு வந்தவர். ஐரோப்பிய மிஷனரிகள் எளிதில் நுழைய முடியாத தஞ்சை நாட்டில் ஊர் ஊராகச் சபைகளைக் கட்டி எழுப்பியவர். வெள்ளாளரான ஆரோனுக்கு 1733-இல் குருப்பட்டம் கிடைத்தது. பறையரான இராஜநாயக்கன் 1771-இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். அவர் கையால் திருவிருந்து கொடுத்தால் உயர்சாதிக் கிறிஸ்தவர்களிடம் அந்தச் சடங்குக்கே மதிப்புக் குறைந்துவிடும் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். கிருபைக்குத் தடையாக இல்லாத பிறப்பு, அந்தக் கிருபையைப் பரிமாறும் கைக்கு மட்டும் தடையானது.

பரலோகத்திலேயே வரிசை உண்டே, பூமியில் இருந்தால் என்ன என்று கேட்கலாம். விவிலியத்தில் அதற்கு இடம் இருக்கத்தான் செய்கிறது. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஒளி வேறுபடுவதைப் பவுல் சொல்கிறார்; இரட்சிப்பு ஒன்றே ஆனாலும் மகிமையில் படிகள் உண்டென்று லூத்தரன் அறிஞர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்தப் படிகளுக்கு அளவுகோல் அவரவர் உழைப்பும் நடத்தையும். பிறப்பு எங்கும் அளவுகோலாகச் சொல்லப்படவில்லை. விருந்தில் கடைசி இடத்தைத் தேடிப்போகிறவனே உயர்த்தப்படுவான் என்பது இயேசுவின் போதனை. திராட்சத் தோட்டத்து உவமையில் சாயங்காலம் வந்தவனுக்கும் முழுநாள் கூலி கிடைக்கிறது. யாக்கோபின் நிருபமோ சபையில் பணக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் ஒதுக்குவதை நேரடியாகவே கண்டிக்கிறது. நற்கிரியைகளை வலியுறுத்தும் அந்த நிருபத்தை லூத்தர் தாழ்வாக மதிப்பிட்டார் என்பது இங்கே நினைக்கத் தக்கது.

சாதி வழக்கைக் காக்க நின்ற மறுபக்கத்தின் வலுவான குரல் தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார். 1829-இல் ‘சாதி திருத்தலின் பயித்தியம்’ என்ற நூலையே எழுதினார். புதிதாக வந்த மிஷனரிகள் சாதியோடு சேர்த்துக் கல்யாணப் பூவையும் தமிழ்ப் பாட்டையும் ஒதுக்கினார்கள் என்ற அவருடைய முறையீட்டில் நியாயம் இருக்கிறது. பூவும் பாட்டும் யாரையும் தாழ்த்தவில்லை. அவற்றை விலக்கியது பண்பாட்டு ஆணவம். ஆனால் தனி இருக்கையை அவற்றோடு ஒரே பட்டியலில் வைத்ததுதான் அவர் வாதத்தின் ஓட்டை. ஒருவர் முந்த வேண்டுமென்றால் இன்னொருவர் பின்னால் நிறுத்தப்பட்டாக வேண்டும். பின்னால் நிறுத்தப்பட்டவரிடம் அந்த வழக்கு பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாடுகளை உடனடியாகக் கைவிட உத்தரவிட்டபோது தஞ்சையில் பலர் சபையை விட்டு விலகினார்கள். பிறகு சாதியைச் சமூக வழக்காகப் பொறுத்துக்கொண்ட லூத்தரன் லைப்சிக் மிஷன் அப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தது. அதை ஏற்க முடியாத மிஷனரி ஓக்ஸ் அந்த மிஷனையே விட்டுப் போனார். பொறுத்துப் போகாவிட்டால் சபையே மிஞ்சாது என்பவர்கள் இந்த விலகலைச் சான்றாகக் காட்டுவார்கள். விலகியவர்களை எண்ணுகிறவர்கள், குருவாகாமலே மடிந்தவர்களையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். காலம் தானாகவே கரைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் போதவில்லை. லூத்தரன் அல்லாத சபைகளும் தப்பவில்லை: திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளை ஒரு சுவர் பிரித்து நின்றது. சமத்துவம் மறுமைக்கு உரியது என்பவர்கள், மறுமைக்குக் காத்திருப்பவர்களுக்கு நடுவே அந்தச் சுவர் எதற்கு என்று சொல்ல வேண்டும்.