கைதட்டக் கூடாத இடங்கள்: நால்வர் இசையும் கம்பம் பள்ளத்தாக்கின் காதும்

1

மேற்கத்திய நொட்டேஷன் வாசிக்கத் தெரியாதவன், ராகங்களில் பாதியைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியாதவன் இசை விமர்சனம் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதலாம் என்றே நினைக்கிறேன். எந்த இடத்தில், எப்படி உட்கார்ந்து, யாருடைய அனுமதியோடு கேட்கிறோம் என்பதும் இசைப் பிரதியின் ஒரு பகுதிதான். அதைப் பற்றிப் பேச நொட்டேஷன் தேவையில்லை. கொஞ்சம் வெட்கத்தை விட்டால் போதும்.

பல வருஷங்களுக்கு முன் நான் படித்த பல்கலைக்கழகத்தில் மதிய உணவு இடைவேளையில் ஒரு கச்சேரி நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த நாலு பேர்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்கிற நால்வர் இசை. ஆரம்பம் பன்னிரண்டே முக்கால். ஹாஸ்டல் மெஸ் இரண்டு மணிக்கு மூடிவிடும். அரங்குக்குள் சாப்பாடு கொண்டுவரக் கூடாதென்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆக, மதிய உணவு நேரக் கச்சேரி என்றால் மதிய உணவை விட்டுக்கொடுக்க முடிந்தவர்களுக்கான கச்சேரி.

என்னோடு கோம்பைப் பக்கத்து நண்பன் ஒருவனும் வந்திருந்தான். அவன் அம்மா விடிவதற்குள் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர். வாசித்தது ஹைடனின் 'எம்பரர்' குவார்ட்டெட். முதல் பகுதி முடிந்த கணத்தில் அவன் பலமாகக் கைதட்டினான். அரங்கில் வேறு ஒரு கையும் அசையவில்லை. முன்வரிசையிலிருந்த பேராசிரியர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை போதும். இரண்டாம் பகுதி முடிந்ததும் அவன் என் காதருகில் குனிந்து, "மாப்ள, மெஸ்ஸு மூடிருவான், நான் போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். நான் உட்கார்ந்திருந்தேன்.

2

'செவ்வியல்' இசையைக் கேட்பதற்கென்று நாம் நம்புகிற அந்த மௌனம் எப்போது பிறந்தது? 1778இல் பாரிஸில் தன் சிம்பனி நடந்தபோது, பகுதிக்கு நடுவிலேயே சபை கைதட்டியதை மோஸார்ட் சந்தோஷமாகத் தகப்பனாருக்கு எழுதுகிறார். எந்த இடத்தில் தட்டுவார்கள் என்று கணக்குப் போட்டே எழுதியிருக்கிறார். கச்சேரி முடிந்ததும் போய் ஐஸ் சாப்பிட்டதையும் அதே கடிதத்தில் சொல்கிறார். பகுதிகளுக்கு இடையே தட்டக் கூடாதென்ற ஆசாரம் அவருக்குப் பின்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டது. நண்பன் செய்த 'தப்பு' மோஸார்ட்டுக்குத் தப்பே இல்லை.

நால்வர் இசையின் பூர்வீகம் இன்னும் சுவாரசியமானது. 1750களில் ஃபூர்ன்பெர்க் என்ற பிரபுவின் பண்ணை வீட்டில் ஒரு பாதிரியார், ஒரு எஸ்டேட் மேனேஜர், ஆல்ப்ரெக்ட்ஸ்பெர்கர் என்ற செல்லோக்காரர், இளைஞர் ஹைடன் ஆகிய நாலு பேர் சேர்ந்து வாசிக்கத்தான் ஹைடன் தன் முதல் குவார்ட்டெட்டுகளை எழுதினார். கேட்க ஒரு சபை வேண்டும் என்பதுகூட இல்லை, வாசிக்கிறவர்களின் பொழுதுபோக்கு அது. எஸ்டேட் மேனேஜர் என்ற சொல் நம்மூர்க்காரனுக்கு வேறு மாதிரிக் கேட்கும். கேட்கட்டும்.

1761இல் எஸ்டர்ஹாஸி அரண்மனையில் ஹைடன் போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். சீருடை அணிய வேண்டும். தினமும் மதியத்துக்கு முன்னும் பின்னும் முன்னறையில் வந்து நின்று, இன்றைக்கு இசை வேண்டுமா என்று உத்தரவு கேட்க வேண்டும். சாப்பாடு அதிகாரிகளின் மேசையில், இல்லாவிட்டால் அதற்குப் பதிலாகத் தினப்படி. இன்று நாம் மூச்சடக்கிக் கேட்கிற இசையை எழுதியவர், மதியச் சாப்பாட்டுக்கு ஒப்பந்தம் போட்ட வேலைக்காரர்.

சாப்பாட்டையும் இசையையும் எதிரெதிராக நிறுத்தாத இடமும் இருந்திருக்கிறது. யுத்த காலத்து லண்டனில், ஓவியங்களைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டு வெறுமையாகக் கிடந்த நேஷனல் கேலரியில் 1939 அக்டோபர் முதல் 1946 ஏப்ரல் வரை பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மதியக் கச்சேரிகள் நடத்தினார். மொத்தம் 1,698. நுழைவு ஒரு ஷில்லிங். ஆபீஸ் குமாஸ்தாக்களும் சிப்பாய்களும் வந்தார்கள். அங்கேயே சாண்ட்விச்சும் விற்றார்கள். நாம் அந்த வழக்கத்தை இறக்குமதி செய்தபோது கச்சேரியை எடுத்துக்கொண்டு சாண்ட்விச்சை விட்டுவிட்டோம்.

3

அன்று சாயங்காலம் ஹாஸ்டல் மாடியில் நண்பன் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "ரெண்டாவதா வாசிச்சாங்கல்ல, அதுல ஒரே மெட்டுதான் மாப்ள. ஆள் மாறி ஆள் வாங்கிக்கிறாங்க. அந்தப் பெரிய வயலின் வாங்குனப்ப, மேல இருக்குற ரெண்டும் என்ன பண்ணுதுன்னு பாத்தியா?" நான் பார்க்கவில்லை. எப்போது தட்டலாம், எப்போது தட்டக் கூடாது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சொன்னது சரி. அந்தப் பகுதி, ஹைடன் 1797இல் சக்கரவர்த்திக்காகப் போட்ட வாழ்த்துப் பாடலின் மெட்டு. முதலில் முதல் வயலின் அதைச் சொல்கிறது. பிறகு இரண்டாம் வயலின், அடுத்து செல்லோ, அடுத்து வியோலா என்று கைமாறி முதல் வயலினுக்கே திரும்புகிறது. மெட்டு ஏறக்குறைய அப்படியே இருக்க, சுற்றியிருப்பது மாறுகிறது. சக்கரவர்த்தியின் பாட்டு, வழக்கமாகப் பின்னால் நிற்கிற குரல்களின் கைக்கெல்லாம் போய்வருகிறது. பாடப்புத்தகம் சொல்கிற இந்த விஷயத்தைப் புத்தகம் வாசிக்காத ஒரு காது எப்படிப் பிடித்தது?

பதில் எங்கள் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. பண்ணைப்புரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் மத்தியில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடியவர் பாவலர் வரதராஜன். அவருடைய குழுவில் ஆர்மோனியத்தோடு வளர்ந்த தம்பி, சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜாவாக வந்தார். அதற்குப் பிறகு கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் ஜீப்பிலும் டீக்கடையிலும் நாங்கள் கேட்டது வெறும் மெட்டு இல்லை. அடியில் தன்பாட்டுக்கு நடக்கிற பேஸ் கிடார், நடுவில் குறுக்கே ஓடுகிற வயலின்கள். பாட்டைப் பாடாமல் பேஸை மட்டும் வாயால் வாசிக்கிற ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு. நடுக்குரலைக் கேட்கும் பயிற்சியை எந்தப் பல்கலைக்கழகமும் எங்களுக்குத் தரவில்லை. அது சந்தையில் கிடைத்தது.

ஆனால் நான் என்ன செய்தேன்? அரங்கங்களில் 'ராஜாவிடம் பாக் இருக்கிறார்' என்று பேசித் திரிந்தேன். பாக் கையெழுத்துப் போட்டால்தான் பண்ணைப்புரம் செல்லும் என்பது போல. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பனி அரங்கேறியபோதும் நம் பெருமிதத்தில் பாதி சிம்பனியைப் பற்றியதல்ல, லண்டனைப் பற்றியது. அதில் என்ன கேட்டது என்று எழுதியவர்கள் குறைவு.

1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்கிற்கும் சமர்ப்பித்தார். அதில் ஒன்றின் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. தனி வயலினுக்கு பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் வேறு வயலின்கள் வேறொன்றைப் பேசுகின்றன. பெயரைக் கவனியுங்கள்: பாக்கைச் சந்தித்தது என் வீட்டில். இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகள் இருந்த மண்ணில், யார் யார் வீட்டுக்குள் வரலாம் என்பது சாதாரண விஷயமல்ல. அந்த மண்ணிலிருந்து போன ஒருவர் பாக்கைத் தன் வீட்டுக்கு வரவழைத்து உட்காரவைக்கிறார். விருந்தாளி பாக், வீட்டுக்காரர் இவர். நாமோ இதைத் தலைகீழாக வாசித்து, அவரை பாக் வீட்டு வாசலில் சான்றிதழுக்காக நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.

4

அந்தத் தொகுப்பில் வாசித்த வி.எஸ். நரசிம்மன்தான் பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை உருவாக்கினார். கர்நாடகக் கீர்த்தனைகளை நால்வர் இசையாக்கியது அந்தக் குழு. சினிமா ரெக்கார்டிங் கூடங்களில் பெயரில்லாமல் வாசிக்கிற தந்திக் கலைஞர்களின் உழைப்பிலிருந்து இப்படி ஒன்று வந்தது பெரிய காரியம். ஆனாலும் பாராட்டி நகர்வது விமர்சனம் இல்லை. கமகம் ஸ்வரங்களுக்கு இடையில் அசைந்து வாழ்வது. ஒத்திசைக்கோ நிலையாக நிற்கும் ஸ்வரங்கள் வேண்டும். இந்தச் சிக்கலை அவர்கள் எச்சரிக்கையாகவே கையாளுகிறார்கள். ஆனால் என் காதுக்கு, பல இடங்களில் முதல் வயலின் பாடகராகவும் மற்ற மூன்றும் பக்கவாத்தியமாகவும் ஆகிவிடுகின்றன. கீர்த்தனையின் மெட்டு ஹைடனின் சக்கரவர்த்திப் பாட்டைப் போல வியோலாவின் கைக்கு எத்தனை தடவை போகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்தபோது, அது குரலைப் பின்தொடரும் வாத்தியமாக அமர்ந்தது. அந்தப் பின்தொடர்தல் நாலு வயலின் குடும்பத்தார் சேர்ந்தாலும் சுலபத்தில் விடுவதில்லை. இது குற்றச்சாட்டல்ல, வாசிக்கிறவர்களோடு பேசிப் பார்க்க வேண்டிய கேள்வி. நண்பன் இதைத்தான் கேட்டிருப்பான்: "மத்த மூணும் என்ன பண்ணுது?"

மறுபடி ஒரு வளாகத்தில் மதியக் கச்சேரி வைப்பவர்களுக்கு என் கோரிக்கை சின்னது. மெஸ் மூடுகிற நேரத்தைத் தள்ளிவையுங்கள், இல்லாவிட்டால் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே விடுங்கள். தட்டுகிறவர்கள் தட்டட்டும். விளக்கவுரையைக் குறைத்து, வியோலாக்காரரைத் தன் பகுதியை மட்டும் ஒருமுறை தனியாக வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். மற்றதைக் காது பார்த்துக்கொள்ளும்.

ஒன்று பாக்கி. பேராசிரியர் திரும்பிப் பார்த்தபோது நண்பனுக்குப் பக்கத்தில் இருந்த நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன், அவனைத் தெரியாதவன் மாதிரி. கடைசி இரண்டு பகுதிகளையும் பசியோடு கேட்டேன், சரியான இடத்தில் கைதட்டினேன். அவற்றில் என்ன வாசித்தார்கள் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவனைக் கேட்டால் அந்த இரண்டாம் பகுதியின் செல்லோவை வாயாலேயே வாசித்துக் காட்டுவான்.